பாவி 1, பாவி 2, பாவி 3

திங்கள், புதன், வெள்ளி, காலை ஒன்பது மணி. கையுறை மாட்டிக்கொண்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, என் அண்ணனைக் கொன்ற இனத்துக்கு நான் சோறு போடுவேன். சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் வயிறு எரியும்.

அவை மூளைப் புற்றுக் கட்டியிலிருந்து எடுத்த செல்கள். கொல்வதற்காகத்தான் வளர்க்கிறோம். கொல்ல வேண்டுமென்றால் முதலில் அவை உயிரோடு இருக்க வேண்டும். உயிரோடு இருக்க வேண்டுமென்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பாடு போட வேண்டும். முப்பத்தேழு டிகிரி சூட்டில், தூசி படாமல், கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜார்ஜ் டவுனில் வெயில் மண்டையைப் பிளக்கும் நாளில்கூட அவற்றுக்கு ஒரு குறையும் வரக்கூடாது. என் அண்ணனுக்கு இவ்வளவு சொகுசு ஒரு நாளும் கிடைத்ததில்லை.

அண்ணன் ஜுருவில் கார் விற்றார். ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவரிடம் சாவியை நீட்டிவிட்டு, அதற்கு என்ன பெயர் என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே நின்றாராம். தமிழிலும் வரவில்லை, மலாயிலும் வரவில்லை, ஆங்கிலத்திலும் வரவில்லை. அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிய ஆரம்பித்தது. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, மாத்திரை எல்லாம் முறையாக நடந்தன. ஸ்கேனில் கட்டி தெரியவில்லை என்றதும் நாங்கள் பிரியாணி போட்டுக் கொண்டாடினோம். பத்து மாதத்தில் அதே இடத்தில் மறுபடி முளைத்தது. அதற்கப்புறம் அவரால் அண்ணியின் பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை. அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது.

நான் அப்போது வேறு ஆய்வுக் குழுவில் இருந்தேன். காரியம் முடிந்த மறுவாரமே எங்கள் தலைவியிடம் போய், மூளைக் கட்டிப் பிரிவுக்கு மாற்றிவிடச் சொன்னேன். அவர் சீனப் பெண்மணி, அளந்துதான் பேசுவார். ஏன் என்று கேட்டார். அந்தத் துறையில் ஆர்வம் என்றேன். பொய். எனக்கு அதன் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

பார்த்தேன். மைக்ராஸ்கோப்பில் அது சின்னச் சின்ன உருண்டையாக மிதந்தது. அழகாக இருந்தது என்று சொன்னால் அண்ணி என்னை வீட்டுக்குள் விடமாட்டார். ஆனால் அழகாகத்தான் இருந்தது.

ஒரு கட்டியில் இருக்கிற செல்களில் பெரும்பாலானவை மந்தமானவை. கத்தி எடுத்துவிடும், கதிர்வீச்சு எரித்துவிடும். அவற்றின் நடுவே கொஞ்சம் போல ஸ்டெம் செல்கள் இருக்கும். கட்டியின் விதைநெல் அவைதான். மருந்து வரும்போது பதுங்கிக்கொண்டு, எல்லாம் அடங்கிய பிறகு எழுந்து, முதலிலிருந்து ஒரு கட்டியைக் கட்டும். அண்ணனின் தலைக்குள் பத்து மாதம் நடந்தது அதுதான். நாங்கள் பிரியாணி தின்றுகொண்டிருந்தபோது அது வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

அவற்றைப் பிழைக்க வைப்பது சமிக்ஞைப் பாதைகள். செல்லின் வாசலில் ஒரு சேதி வரும். உள்ளே ஒரு புரதம் இன்னொன்றிடம் சொல்லும், அது அடுத்ததிடம் சொல்லும், கடைசியில் உட்கரு வரைக்கும் போய்ச் சேரும். சேதி என்னவோ ஒன்றுதான்: சாகாதே, பெருகு. அந்த வழியை மருந்து வைத்து அடைப்பது எங்கள் வேலை. ஒரு வழியை அடைத்தால் சேதி வேறு வழியாகப் போகும். நான் தினமும் சிம்பாங் அம்பாட்டிலிருந்து கடல் தாண்டி, ஜார்ஜ் டவுன் இருக்கிற இந்தத் தீவுக்கு வருகிறவள். இது எனக்குப் பாடம் நடத்தித் தெரிய வேண்டியதில்லை. இரண்டாவது பாலத்தில் நெரிசல் என்றால் பழைய பாலம், அதுவும் முடியாது என்றால் ஃபெர்ரி. எப்படியாவது வேலைக்கு வந்து சேர்ந்துவிடுவேன். அந்தப் பாவிகளும் அப்படித்தான். முதல் மருந்தை ஊற்றியபோது பாதி செத்தன. மீதி வேறு பாதை பிடித்து மறுபடி உருண்டை கட்டின. இரண்டு வழியையும் சேர்த்து அடைக்க இரண்டாவது மருந்து ஒன்று வேண்டியிருந்தது. அதற்குச் சொல்லிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தோம்.

அண்ணன் போன பிறகு நான் அண்ணி வீட்டிலேயே தங்கிவிட்டேன். அண்ணி சிம்பாங் அம்பாட்டில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறார். லென்சுக்கு அடியில் சில்லு சில்லாகப் பார்த்து நல்லதையும் கெட்டதையும் பிரிக்கிற வேலை. இருபது வருடமாக அதைச் செய்கிறவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. சாப்பாட்டில் கல்லும் தப்பாது, என் முகத்தில் பொய்யும் தப்பாது.

அண்ணனின் படத்தை அவர் மாட்டவில்லை. பெரிதாக்கி, சட்டம் போட்டு வந்த படம் அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூடத்தில் ஆணி மட்டும் அடித்து வைத்திருந்தார். சொந்தக்காரர்கள் ஜாடைமாடையாகக் கேட்டார்கள். அண்ணி யாருக்கும் பதில் சொல்லவில்லை. எனக்கு மட்டும் சொன்னார்.

“மாலை போட்டு மாட்டிட்டா முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம் பாப்பா. எனக்கு முடியல. அதுங்க சாகட்டும், அப்புறம் மாட்டுறேன்.”

சாப்பிட உட்கார்ந்தால் முதல் கேள்வி, இன்றைக்கு எத்தனை செத்தது என்பதுதான். ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே திடீரென்று கேட்டார்.

“அது உங்க அண்ணனோடதா?”

“இல்ல அண்ணி. வேற யாரோட கட்டியோ. பேரு தெரியாது, நம்பர் மட்டும்தான் இருக்கும்.”

“பரவால்லலா. சொந்தக்காரனுங்கதானே,” என்றார். “ஒருத்தனையும் விடாத.”

எனக்கும் அப்படித்தான் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். செல் வளர்க்கிற ஃபிளாஸ்க்கின் மேல் எந்தச் செல், எந்த நாள், எந்தச் சாப்பாடு என்று எழுத வேண்டும் என்பது ஆய்வகத்தின் முதல் விதி. நான் தேதியை எழுதினேன், சாப்பாட்டை விட்டுவிட்டேன். செல்லின் பெயர் வர வேண்டிய இடத்தில் தமிழில் கொட்டை எழுத்தில் ‘பாவி 1’, ‘பாவி 2’, ‘பாவி 3’ என்று எழுதினேன். எனக்குத்தான் எது எதுவென்று தெரியுமே. ஒவ்வொரு முறை எழுதும்போதும் பேனா முனை பிளாஸ்டிக்கில் கீறும். அதில் ஒரு சின்ன திருப்தி.

பொங்கல் வந்தது. எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. செல்களுக்குப் பண்டிகை தெரியாது. அதனால் ஹரி ராயாவுக்கு மலாய்க்காரர்களின் செல்களுக்கு நாங்கள் சாப்பாடு போடுவோம், சீனப் பெருநாளுக்கும் அப்படியே, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எங்களுடையதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பக்கத்து மேசை மலாய் அக்காவிடம் இன்குபேட்டரின் மேல் அடுக்கைக் காட்டி, மூன்று ஃபிளாஸ்க் என்று சொல்லிவிட்டு நான்கு நாள் லீவில் போனேன். அந்த அக்கா வளர்ப்பது சாதாரணப் புற்றுச் செல்கள். ஸ்டெம் செல்லை அவர் தொட்டதில்லை.

திரும்பி வந்தபோது குளிர்ப்பெட்டிக் கதவில் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. ‘சுடா பாகி மாக்கான். கெசியான், குருஸ் செமுவா.’ சாப்பாடு போட்டாச்சு, பாவம், எல்லாம் ஒல்லியாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். நான் சிரித்துவிட்டு அந்தத் தாளை அப்படியே விட்டுவிட்டேன்.

ஃபிளாஸ்க்கைப் பார்த்தேன். வழக்கமாக மிதக்கிற உருண்டைகளில் பல கீழே தரையில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். ஆனால் அன்று காலைதான் இரண்டாவது மருந்து வந்திருந்தது. பனிக்கட்டிப் பெட்டியோடு அது என் மேசையில் உட்கார்ந்திருந்தபோது வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை. கூட்டம் அதிகமானால் சிலது ஒட்டத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தட்டி எடுத்து, தனித்தனிச் செல்லாகப் பிரித்து, குழித்தட்டுகளில் போட்டேன். பாதித் தட்டுகளுக்கு இரண்டு மருந்தும். மீதிப் பாதிக்கு மருந்தில்லாத வெறும் திரவம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. ஸ்டெம் செல் என்றால் ஒற்றைச் செல்லிலிருந்து மறுபடி உருண்டை கட்டும். மருந்து வேலை செய்தால் கட்டாது. இதுதான் சோதனை.

இரண்டரை வாரம் கழித்து, தைப்பூசத் தேர் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், மருந்து ஊற்றிய தட்டுகளை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஒரு குழியிலும் உருண்டை இல்லை. அடுத்தது, இல்லை. அதற்கடுத்தது, இல்லை. உடைந்த தூள்தான் கிடந்தது. தொண்ணூற்றாறு குழி கொண்ட தட்டுகள் மூன்று. ஒன்றில்கூட ஒருத்தனும் பிழைக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் எண்ணியதில்லை.

மருந்தில்லாத தட்டுகள் இன்குபேட்டரின் கீழ் அடுக்கில் இருந்தன. அவற்றைப் பார்க்க நேரமில்லை என்று சொல்லமாட்டேன். நேரம் இருந்தது. உயிரோடு இருப்பதைப் பார்க்க அன்றைக்கு எனக்கு மனமில்லை. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு மாடிப்படியில் நின்று அண்ணிக்குப் போன் போட்டேன்.

“எல்லாம் செத்துருச்சு அண்ணி. ஒன்னு பாக்கியில்ல.”

அந்தப் பக்கம் தொழிற்சாலை இரைச்சல். அதற்கு நடுவே அண்ணி, “நெசமாவா?” என்றார். நெஞ்சார, “நெசம்தான்” என்றேன்.

அண்ணி ஐம்பத்தோரு தேங்காய் நேர்ந்திருந்தார் என்பது மறுநாள் காலையில்தான் எனக்குத் தெரியும். தேர் வரும் சாலையில் எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் மலைமலையாகத் தேங்காய் குவித்திருந்தார்கள். எங்களுடையது சின்னக் குவியல். தேர் நெருங்கியதும் அண்ணி முதல் காயை எடுத்து ஓங்கி அடித்தார். சாமி கும்பிடுகிற முகம் இல்லை அது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு காய்க்கும் உதட்டுக்குள் ஏதோ சொல்லி அடித்தார். நானும் அடித்தேன். ஒன்று அண்ணன் மறந்துபோன சாவிக்கு. ஒன்று அந்தப் பிரியாணிக்கு. சாலை முழுக்கத் தேங்காய்த் தண்ணீர் ஓடி எங்கள் பாதம் நனைந்தது. கடைசிக் காய் முதல் அடியில் உடையவில்லை. அண்ணி பொறுக்கி வந்து மறுபடி அடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியை நகர்த்தச் சொன்னார். படத்தைத் துடைத்து, ஆணியில் மாட்டி, மல்லிகை மாலை போட்டார். தள்ளி நின்று, நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அன்று மத்தியானம் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். இரண்டு வருடத்தில் அவர் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை.

பண்டிகை முடிந்து ஆய்வகத்துக்குப் போனேன். தலைவிக்கு முடிவை எழுதிக் கொடுக்க வேண்டும். ஒப்புக்கு எண்ணிவிடலாம் என்று மருந்தில்லாத தட்டுகளை எடுத்து வைத்தேன்.

ஒரு குழியிலும் உருண்டை இல்லை.

செல்கள் இருந்தன. தரையில் ஒட்டி, கைகாலை நீட்டிக்கொண்டு, கொழுத்து, வசதியாகப் படுத்திருந்தன. மருந்தே படாத இவை உருண்டை கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை. அப்படியென்றால் நான் தட்டில் போட்டது ஸ்டெம் செல்லே இல்லை. மருந்து கொன்றது வெறும் மந்தங்களை. அவற்றை எந்த மருந்தும் கொல்லும்.

தலை நிமிர்ந்தால் எதிரே குளிர்ப்பெட்டிக் கதவில் அந்த மஞ்சள் தாள். பாவம், எல்லாம் ஒல்லி.

ஸ்டெம் செல்லுக்கு நாங்கள் போடுவது பத்தியச் சாப்பாடு. சாதாரணச் செல்களுக்குப் போடுகிற கன்றின் ரத்தச் சீரம் அதில் இருக்கக் கூடாது. சீரம் கண்டால் ஸ்டெம் செல் தன் குணத்தை விட்டுவிடும். தரையில் ஒட்டி, சாதாரணச் செல்லாக மாறிவிடும். அக்கா இரக்கப்பட்டு, அந்த நான்கு நாளில் தன் செல்களுக்குப் போடுகிற அதே சீரத்தை என் பாவிகளுக்கும் போட்டிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த அக்காவை இழுத்துப் போட்டு அடித்திருப்பேன். மிச்சம் இருந்த ஃபிளாஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் மேசைக்கு நேராகப் போய், இதற்கு ஏன் சீரம் போட்டீர்கள் என்று மலாயில் கத்தினேன். அவர் பயந்துபோய் ஃபிளாஸ்க்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

மலாயில் பெயர்த்துச் சொன்னேன். யார் அந்தப் பாவி என்றார். அண்ணன் கதையை அதுவரை நான் ஆய்வகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. நின்றபடியே சொன்னேன். அவர் அந்த எழுத்தின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: எனக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தால் நானும் இவற்றுக்கு இரக்கப்பட்டிருக்கமாட்டேனே.

தலைவியிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. திரவ நைட்ரஜன் தொட்டியில் உறைய வைத்த பழைய செல்கள் மூன்று குப்பி மிச்சம் இருக்கின்றன, முதலிலிருந்து ஆரம்பி, லேபிளை ஆங்கிலத்தில் எழுது என்றார்.

அண்ணியிடம்தான் எப்படிச் சொல்வது. பாலத்தில் வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது சொல்லாமலே விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். தேங்காய் உடைத்தாயிற்று. படம் ஏறியாயிற்று. இரண்டு வருடம் கழித்து மனுஷி தூங்குகிறார். மறுபடி செய்து, நிஜமாகவே கொன்றுவிட்டால் அவருக்குத் தெரியவா போகிறது? வீட்டு வாசலில் காலணியைக் கழற்றும் வரைக்கும் அதுதான் என் முடிவு. உள்ளே போனால் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். தப்பான ஆளை அடித்துப் போட்டுவிட்டு, உனக்காகப் பழி தீர்த்துவிட்டேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. உண்மையான ஆள் நைட்ரஜன் தொட்டியில் சுகமாகத் தூங்குகிறான். அவனை இப்படி விட எனக்குப் பொறுக்கவில்லை.

“பசியாறிட்டியா?” என்று கேட்டபடி அண்ணி சமையலறையிலிருந்து வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஃபிளாஸ்க்கில் எழுதியது, சீரம், கீழ் அடுக்கில் இருந்த தட்டுகள், எதையும் விடவில்லை. அண்ணி குறுக்கே ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

“மருந்து ஊத்தாதத அன்னிக்கே நீ பாக்கலியா?”

“இல்ல அண்ணி.”

“எங்க லைன்ல நல்ல பீஸ் ஒன்ன பக்கத்துல வெச்சிக்காம கெட்டத எண்ணவே விடமாட்டாங்க பாப்பா. நேத்து வந்த புள்ளைக்குக்கூடத் தெரியும் அது.”

“சாகறத பாக்கணும்னு இருந்திச்சு அண்ணி. வேற ஒன்னும் தோணல.”

அண்ணி என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். காய்ந்திருந்த மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். படத்தை இறக்கி, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, அலமாரிக்குப் பின்னால் கொண்டுபோய் சுவரைப் பார்த்து வைத்தார். நான் அழுதேன். அண்ணி அழவில்லை.

“அழுது என்னா ஆவப்போவுது,” என்றார். “போய் அதுங்களுக்குச் சோறு போடு. இந்தத் தடவ சரியான சோறா போடு.”

ஒரு குப்பியை எடுத்து உருக்கினேன். ஆங்கிலத்தில் செல்லின் எண், தேதி, அடியில் சிவப்பு மையில் சீரம் கூடாது என்று மூன்று மொழியிலும் எழுதினேன். மலாயில் எழுதிக் கொடுத்தது அந்த அக்கா. முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் செத்துவிட்டதோ என்று பயந்தேன். என் எதிரி செத்துவிட்டானோ என்று பயந்து, ஞாயிற்றுக்கிழமைகூடப் பாலம் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பத்தாம் நாள் காலை, லென்சுக்கு அடியில், தரையைத் தொடாமல் ஒரு சின்ன உருண்டை மிதந்தது. பக்கத்தில் இன்னொன்று. வா என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

அன்று சாப்பிடும்போது அண்ணி கேட்டார்.

“வந்துச்சா?”

“வந்துருச்சு அண்ணி.”

“நல்லா சாப்பிடுதா?”

“நல்லா சாப்பிடுது.”

அண்ணி என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

“சாப்பிடட்டும்,” என்றார். “ஆணி சுவத்துலதான இருக்கு.”